கீரிப்பூச்சியை விரட்டிய ஞாயிறு

திங்கட்கிழமை காலை. பள்ளியின் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்த பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வயதுக்காரர்கள் வலது செருப்பை வாசலிலும் இடது செருப்பைப் பூந்தொட்டியிலும் விட்டுவிட்டு ஓடக்கூடியவர்கள். முந்தின நாள் பெய்த மழையில் வேப்பிலைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கடல் பக்கமிருந்து ஈர உப்பு வாடை வந்துகொண்டிருந்தது.

சுபாவின் கார் வந்து நின்றது. சுபா எங்கள் பள்ளியில் படிக்கும் அபய்யின் அம்மா. பெருங்குடியில் ஐ.டி. அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவள். தினமும் மகனை இறக்கிவிட்டு, காரிலிருந்தே கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று இறங்கி வந்தாள்.

"மிஸ், ஒரு நிமிஷம் உள்ள வாங்கோளேன்."

உள்ளே போனதும் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளைக் காகிதத்தின் மேல் வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று. தையல்காரர் பல்லால் கடித்துத் துப்பிய நூல் அளவு. படம் என்று நினைத்தேன். அவள் விரலால் தொட்டதும் வீடியோ ஓடியது, நூல் நெளிந்தது.

"அபய்க்கு. காலம்பற பாத்ரூம்ல பார்த்தேன். ராத்திரி முழுக்கச் சொறிஞ்சுண்டே இருக்கான், தூங்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீரிப்பூச்சிதான் சுபா. எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றது. டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கிக் குடுங்க, போயிடும்."

"இது எங்கேர்ந்து வந்தது மிஸ்?"

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. அந்த வாரம் முழுக்க என் பள்ளியையே ஆட்டி வைத்த கேள்வியும் அதுதான்.

நானும் என் பள்ளியும்

இந்தத் தொடரை இன்றுதான் முதல் முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சண்முகவடிவு. பிள்ளைகளுக்கு வடிவு மிஸ். அடையாற்றில், மரம் அடர்ந்த ஒரு குறுக்குத் தெருவில், பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் மழலையர் பள்ளி நடத்துகிறேன். ஒரு கூடம், இரண்டு அறைகள், ஒரு மாமரம், ஒரு மணல் தொட்டி. பக்கத்துக் கிண்ணத்தில் கைவிடத் தெரிந்த, தன் மூக்கைத் தானே துடைக்கத் தெரியாத வயசுப் பிள்ளைகள்.

அவர்களில் புதியவள் தர்ஷினி. தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று சேர்ந்தாள். அவள் அம்மா செல்வி, ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்பவள். நான் பல வருடங்களாக அவளிடம்தான் சங்கரா வாங்குகிறேன். ஒருநாள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், உங்க ஸ்கூல்ல எம் பொண்ண சேத்துக்குவீங்களா? ஃபுல் ஃபீஸு கட்டிடுவேன். சலுகை கிலுகை வேணாம்." சேர்த்துக்கொண்டேன். வந்த இரண்டாம் நாளே தர்ஷினியும் அபய்யும் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். மணல் தொட்டியில் கப்பல் விடுவதில் அவளுக்கு நிகரில்லை.

சுபா அந்தப் படத்தைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "வேற யாருக்காவது இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டிருந்தாள். மதியத்துக்குள் குழு கொதிக்க ஆரம்பித்தது. மணல் தொட்டியை மூடச் சொன்னார் ஒருவர். தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார் இன்னொருவர். பிறகு யாரோ எழுதினார்கள்: "புது அட்மிஷனுக்கு முன்னாடி இந்தப் பிரச்சினை இல்லையே."

பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. புது அட்மிஷன் ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் சுபாவே என்னை அழைத்தாள். குரலில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கோ மிஸ். கொஞ்ச நாளைக்கு அந்தக் கொழந்தைய வர வேண்டாம்னு சொல்லலாமே? நாலஞ்சு பேரண்ட்ஸ் வேற ஸ்கூல் பார்த்துண்டிருக்கா."

நாலைந்து பிள்ளைகள் போனால் என் பள்ளி தாங்காது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

விளக்கெண்ணெய்க் காலைகள்

அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து மரப் பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் தி. நகர் வீடு ஞாபகம் வந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். கீழே கடை, மேலே நாங்கள், மொட்டைமாடி அறையில் கடைப் பையன்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த அத்தனை பேரும் ஒரே அறையில், ஒரே பாய் வரிசையில் படுப்பார்கள். போர்வைகள் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கையில் கிடைத்தது தன்னுடையது.

யாராவது ஒருவன் பின்பக்கத்தைச் சொறிவதை அம்மா பார்த்துவிட்டால் போதும். அடுத்த விடுமுறைக் காலையில் எல்லாருக்கும் விளக்கெண்ணெய். நாங்கள் ஐந்து பிள்ளைகள், கடைப் பையன்கள், கணக்குப் பிள்ளை உட்பட வரிசையில் நிற்போம். அம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாள். நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும் அந்த வழவழப்பு, பின்னாலேயே ஒரு கடி எலுமிச்சம்பழம். அதற்கப்புறம் அன்று பகல் முழுக்க மாடியில் இருந்த ஒற்றைக் கழிப்பறை வாசலில் நடந்த போராட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

"சீனியை அள்ளி அள்ளித் தின்னா பூச்சி வராம என்ன வரும்?" என்பாள் அம்மா. சர்க்கரை டப்பா ஒரு மாதம் பூட்டப்படும். அடுத்த மாதம் பூச்சி திரும்பி வரும். டப்பா மறுபடி பூட்டப்படும்.

சர்க்கரைக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தது சரிதான். கொடுத்த மருந்துதான் தப்பு. விளக்கெண்ணெய் வயிற்றைக் காலி செய்யுமே தவிர, பூச்சியைக் கொல்லாது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாய்களையும் போர்வைகளையும் யாரும் துவைக்கவே இல்லை.

டாக்டர் நிர்மலாவின் அறையில்

மறுநாள் பள்ளி விட்டதும் மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் டாக்டர் நிர்மலாவின் கிளினிக். குழந்தை வைத்தியர், என் பழைய சிநேகிதி. காத்திருக்கும் இடத்தில் ஒரு குழந்தை பிளாஸ்டிக் யானையின் தும்பிக்கையைச் சப்பிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். அன்று அதைப் பிடுங்கிக் கழுவ வேண்டும் போலிருந்தது.

படத்தைப் பார்த்ததும் நிர்மலா சொன்னார்: "நூல்புழு. நீங்க கீரிப்பூச்சின்னு சொல்றது. மருந்துக்கு மடங்குற ஜாதிதான். பரவுறதுல மட்டும் கில்லாடி."

"எப்படிப் பரவுது? அதைத்தான் தெரிஞ்சுக்க வந்தேன்."

"பிள்ளை தூங்கும்போது பெண் பூச்சி கீழ இறங்கி வந்து, ஆசனவாய் ஓரத்துல முட்டை வைக்கும். அது அரிக்கும். பிள்ளை தூக்கத்துலயே சொறியும். முட்டை நகத்துக்குள்ள போயிடும். காலைல அந்த விரல் எங்கெல்லாம் போகும், சொல்லுங்க?"

எனக்குத் தெரியாதா? அந்த விரல் வாய்க்குப் போகும், நண்பன் வாய்க்குப் போகும், பொம்மைக்கும் கதவுக் கைப்பிடிக்கும் பக்கத்துத் தட்டில் இருக்கும் இட்லிக்கும் போகும்.

"படுக்கை விரிப்பு, தலையணை, ஜட்டி, துண்டு, எல்லாத்துலயும் முட்டை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மூணு வாரம்கூட உயிரோட கிடக்கும். விரிப்பை உதறினா காத்துல பறந்து போய் இன்னொருத்தர் வாய்ல விழும். ஒரு பிள்ளைக்கு வந்தா வீடு முழுக்க வந்துடுச்சுன்னு வச்சுக்கலாம்."

"நாய், பூனைகிட்டேருந்து?"

"வராது. மனுஷங்ககிட்டேருந்து மனுஷங்களுக்குத்தான்."

"மணல் தொட்டியாலயா?"

"நீங்க சொல்றது வேற பூச்சி. உருண்டைப்புழு மண்ணுலேருந்தும் கழுவாத காய்கறிலேருந்தும் வரும். கொக்கிப்புழு, மலம் கலந்த மண்ணுல வெறுங்காலோட நடந்தா பாதத்து வழியா ஏறும். அதெல்லாம் கக்கூஸ் வசதி இல்லாத இடத்துல அதிகம். இந்த நூல்புழுவுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. ஏ.சி. ரூம்ல ஒரே கட்டில்ல நாலு பேர் கட்டிப் பிடிச்சுப் படுத்தா, அதுக்கு அதைவிட சௌகரியம் வேற இல்ல."

"யார்கிட்டேருந்து முதல்ல வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது. எதுக்குக் கண்டுபிடிக்கணும்? எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து குடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. மாத்திரை பூச்சியைத்தான் கொல்லும், முட்டையை ஒண்ணும் பண்ணாது. பொரிச்சு வர்ற புதுப் பூச்சிக்குத்தான் ரெண்டாவது மாத்திரை."

நான் எழுந்து கதவுவரை போய்விட்டு, திரும்பினேன்.

"டாக்டர், பெரியவங்களுக்கும் வருமா?"

நிர்மலா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏன் கேக்கறீங்க வடிவு?"

நான் நின்ற இடத்திலேயே நெளிந்தேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒட்டும் டேப்பையும் சோதனைக்கூடக் கண்ணாடித் தகடு ஒன்றையும் எடுத்து நீட்டினார். "காலைல எழுந்ததும், குளிக்கறதுக்கு முன்னாடி, டேப்பை அந்த இடத்துல ஒட்டி எடுத்து இதுமேல ஒட்டிக் கொண்டாங்க."

ஒட்டும் டேப்

இந்தப் பத்திரிகையில் எத்தனையோ சங்கதிகள் எழுதியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில், குளியலறையில், பரிசுப் பொட்டலம் கட்டும் டேப்போடு நான் நின்ற கோலத்தை மட்டும் உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

வெளியே என் கணவர் கதவைத் தட்டினார். "ஏட்டி, இவ்வளவு நேரமா உள்ள என்ன செய்யுத?"

"பொட்டலம் கட்டுதேன்" என்றேன்.

அன்று மத்தியானம் நிர்மலா அழைத்தார். "வடிவு, உங்களுக்கு இருக்கு. நல்லாவே இருக்கு. முட்டை ஒரு பக்கம் தட்டையா, நசுங்கின அரிசி மாதிரி இருக்கும். உங்க டேப்புல அரிசிக் கடையே இருந்துது."

யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் என்னை விட மாட்டார்கள். "மிஸ், ஆ காட்டு" என்று ஒருவன் தோசை விள்ளலை ஊட்டுவான். ஒருத்தி பாதி கடித்த முறுக்கை என் வாயில் திணிப்பாள். அந்தக் குட்டிக் கைகளிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. கைகழுவ வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடி வருவதுதான் அவர்கள் அகராதியில் கைகழுவல்.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதற்குள் ஒரு தைரியம் எழுந்தது. பள்ளியின் தலைமைக்கே பூச்சி இருக்கிறது. இனி யாரைப் பார்த்து யார் விரல் நீட்டுவது?

செல்வி வந்தாள்

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் செல்வி வந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள் என்று மணிக்கட்டில் ஒட்டியிருந்த செதில்கள் சொல்லின.

"இன்னா மிஸ், எம் பொண்ணாலதான் அல்லாருக்கும் பூச்சி வந்துச்சுன்னு ஃபோன்ல எழுதிக்கினு கீறாங்களாமே? ஃப்ளாட்டுல வேலை செய்ற எங்க அண்ணி வந்து சொல்லுது."

"செல்வி, உக்காரு முதல்ல."

"உக்கார வரல. பொண்ண இட்டுக்கினு போவ வந்தேன். அதப் பாத்து மூக்கப் பொத்திக்கிற எடத்துல அது குந்திக்கினு பாட்டு பாட வேணாம்."

சத்தமாகத்தான் பேசினாள். ஆனால் கண் நிறைந்துவிட்டது. உள்ளே தர்ஷினி மாமரத்தடியில் அபய்யின் தலையில் இலைக் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் பெத்தவங்க கூட்டம் வச்சிருக்கேன். அதுவரைக்கும் பொறு. நீயும் வா."

"வந்து? அல்லாரும் எம் மூஞ்சியப் பாக்குறதுக்கா?"

"எம் மூஞ்சியப் பாக்குறதுக்கு. பூச்சி எனக்கும் இருக்கு செல்வி. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க."

 அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அய்யய்ய... அத போய் அவங்களாண்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லத்தான் போறேன்."

"அப்ப வரேன்."

குட்டி நாற்காலிகளில் ஒரு கூட்டம்

சனிக்கிழமை சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களிடம் பெரியவர்களுக்கான நாற்காலிகள் கிடையாது. பெற்றோர்கள் எல்லாரும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நிர்மலா என் பக்கத்தில். செல்வி கதவோரத்தில் நின்றாள். நல்ல பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

முதலில் சுபாதான் எழுந்தாள். "யாரையும் குத்தம் சொல்லணும்னு இல்ல. எல்லாருக்கும் கொழந்தை இருக்கு, எல்லாருக்கும் பயம் இருக்கு. சரியாகற வரைக்கும், புதுசா சேர்ந்த கொழந்தைய மட்டும் கொஞ்ச நாள்..."

சிலர் தலையாட்டினார்கள். சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார்கள். செல்வி நிமிர்ந்து நின்றபடியே இருந்தாள்.

நான் எழுந்தேன். பேச வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குக் கீரிப்பூச்சி இருக்கு" என்றேன்.

தூறல் சத்தம் கேட்டது.

"டேப் வச்சுச் சோதிச்சுப் பார்த்தாச்சு. டாக்டர் சாட்சி. நீக்கணும்னா முதல்ல என்னை நீக்குங்க. உங்க பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுறது நான். அவங்க எச்சில் பண்ணின முறுக்கைத் தின்னுறதும் நான். அதுக்கப்புறம் யாரை நீக்கறதுன்னு யோசிக்கலாம்."

 என் காது மடல் சுட்டது.

அப்போது பின்வரிசையில் பச்சை நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. முத்தையா. தி. நகரில் நகைக்கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அவ்வளவாகப் பேசாத ஆள். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அதைப் பிய்த்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"டாக்டரம்மா... எனக்கும் அரிப்பு இருக்கு. ஆயுத பூஜைக்கு முன்னாலேருந்தே இருக்கு. மூலம்னு நெனச்சு நானா களிம்பு வாங்கிப் பூசிக்கிட்டு இருக்கேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க!" என்று அவர் மனைவி முழங்கையால் இடித்தார். "எனக்கும் அதேதான்!"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், கூடமே வெடித்தது. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கண்ணீர் வர, அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. "எங்க வீட்ல பெரியவளுக்கு." "எனக்கு ஒரு மாசமா." "என் மாமியார் ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்காங்க, நாங்கதான் காதுல போட்டுக்கல."

சுபா மட்டும் சிரிக்கவில்லை. "ஆயுத பூஜைக்கு முன்னாடியா?" என்று மெதுவாகக் கேட்டாள். தர்ஷினி பள்ளிக்கு வந்ததே தீபாவளிக்குப் பிறகுதான். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சுபாவின் முகம் சிவந்துவிட்டது.

செல்வி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "எங்க பால்வாடில பூச்சி மாத்திரை குடுத்தாங்கோ. எம் பொண்ணு கடிச்சித் தின்னுச்சு. உங்க பசங்களுக்கு யார்னா குடுத்தாங்களா? இல்லல்ல? அதுக்காவ நான் உங்கள வரக்கூடாதுன்னு சொல்லல. எனுக்கும் நாலு நாளா அரிக்குது. இங்கேருந்துதான் வந்துச்சோ, இன்னாவோ!"

இந்தத் தடவை சுபாவும் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து செல்வியின் பக்கத்தில் போய் நின்றாள். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். ஒரே வாக்கியம்தான். எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"இர்க்கட்டும் வுடுங்க" என்றாள் செல்வி. "மாத்திரை எப்பன்னு கேளுங்க."

தர்ஷினிக்கு உண்மையில் பூச்சி இருந்ததா? எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் எந்தப் பிள்ளையையும் சோதிக்கவே இல்லை.

வெயில் அடித்த ஞாயிறு

மறுநாள் ஞாயிறு. அன்றே என்று முடிவானது. பள்ளிப் பிள்ளைகள், அவர்கள் அண்ணன் அக்காக்கள், அப்பா அம்மா, தாத்தா, மாமியார், வீட்டோடு இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மாத்திரை போட வேண்டும். கைக்குழந்தைகளுக்கும், ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கும் மட்டும் நிர்மலா தனியாக யோசனை சொன்னார்.

என் ஒரே பயம் மழை. விரிப்புகளை வெந்நீரில் துவைத்தால் மட்டும் போதாது, காய வேண்டும். கார்த்திகை மாத அடைமழையில் எங்கே காய வைப்பது?

ஞாயிறு விடிந்தபோது ஜன்னலில் வெயில். கழுவி விட்டது போல் நீல வானம். மொட்டைமாடிக்கு ஓடினேன்.

என் கணவர் காப்பித் தம்ளரோடு பின்னால் வந்தார். "நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்கு எதுக்கு மாத்திரை?"

"எங்கூட ஒரே கட்டில்ல படுக்கீங்கல்லா? போடுங்க."

 மாத்திரையை வாயில் போட்டுச் சவைத்தார்.

வாட்ஸ்அப் குழு அன்று திருவிழாக் கோலம் கொண்டது. வீட்டுக்கு வீடு படம் வந்தது. நாக்கை நீட்டி மாத்திரையைக் காட்டும் பிள்ளைகள். துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் விரிப்பு மலையோடு நிற்கும் அப்பாக்கள். நகவெட்டியோடு ஒரு தாத்தா. முத்தையா தன் வீட்டு மாடியைப் படம் எடுத்து அனுப்பினார். கொடியில் வரிசையாகப் பதினோரு தலையணை உறைகள், நடுவில் அவருடைய ராட்சச லுங்கி. முந்தின இரவுதான் குழுவில் சேர்ந்த செல்வி குப்பத்திலிருந்து அனுப்பிய படத்தில், கரையில் ஏற்றிய படகின் மேல் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. பின்னால் கடல்.

நாங்கள் சிலர் பள்ளிக்குப் போனோம். சுபா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொம்மைகளை வாளி வாளியாகச் சோப்பு நீரில் முக்கினாள். செல்வி தரையை ஈரத் துணியால் துடைத்தாள். துடைப்பம் போட்டால் தூசியோடு முட்டையும் பறக்கும் என்று நிர்மலா சொல்லியிருந்தார். முத்தையா ஜன்னல் திரைகளைக் கழற்றினார்.

"இந்த யானைப் பொம்மைய எத்தன பேர் நக்கியிருப்பா!" என்றாள் சுபா.

"எம் பொண்ணு நக்க மாட்டா" என்றாள் செல்வி. "அவ கடிப்பா."

அடுத்த வாரமே குழாயடியில் புது ஏற்பாடு. பிள்ளை சோப்பு போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்று ஒரு முழுப் பாட்டுப் பாடுவேன். பாட்டு முடியாமல் கையை எடுக்கக் கூடாது. காலையில் குளித்து, உள்ளாடை மாற்றித்தான் பள்ளிக்கு வர வேண்டும். சனிக்கிழமை நகம் வெட்டும் நாள். பிள்ளைகள் எனக்கு ஊட்டுவது மட்டும் நிற்கவில்லை. கழுவிய கையால் ஊட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எல்லாரும் ஒரே நாளில் இரண்டாவது மாத்திரை போட்டோம். அன்று மழை பெய்தது. அதனால் என்ன, விரிப்புகள் மின்விசிறிக்கடியில் காய்ந்தன.

சில வாரங்கள் பொறுத்து, விருப்பப்பட்ட பெரியவர்கள் டேப் கொண்டு போய் நிர்மலாவிடம் கொடுத்தோம். நான், முத்தையா, சுபா, செல்வி. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல. நாலு பேருக்கும் சுத்தம்."

முத்தையா அந்தச் சின்ன அறையில் கையெடுத்துக் கும்பிட்டார். செல்வி விசில் அடித்தாள். வெளியே காத்திருந்த குழந்தைகள் எல்லாம் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள்.

சேர்க்கை நாள்

அந்த வருடம் என் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. அடுத்த சேர்க்கைக்குக் குப்பத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகளைச் செல்வி கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

அந்தச் சேர்க்கைக் காலையில் ஓர் இளம் அப்பா, இஸ்திரி கலையாத சட்டையோடு, பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரத்தைப் பார்த்தார், மணல் தொட்டியைப் பார்த்தார், கழிப்பறையை இரண்டு தடவை பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இங்க குழந்தைங்களுக்குப் பூச்சி வந்துச்சுன்னு கேள்விப்பட்டோம்..."

நான் வாயைத் திறப்பதற்குள், அபய்யை விட வந்திருந்த சுபா குறுக்கே வந்தாள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று அதுவரை சாவியை ஆட்டிக்கொண்டிருந்தவள்.

"ஆமா, வந்தது. கொழந்தைகளுக்கு மட்டுமில்ல, எனக்கு, எங்காத்துக்காரருக்கு, மிஸ்ஸுக்கு, எல்லாருக்கும். எல்லாருமாச் சேர்ந்து விரட்டினோம்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது இருக்கட்டும். உங்காத்துல பெட்ஷீட்டக் கடைசியா எப்போ தோச்சேள்?"

அவர் யோசித்தார். அவர் தோளில் இருந்த குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டது.

"வாங்க" என்று நான் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். "குழாயடி இந்தப் பக்கம்."